பல்செட் செய்யத் தெரிகிறது... பாட்டியைப் பார்க்கத் தெரிகிறதா? பல் மருத்துவப் படிப்பில் விடுபட்ட பாடம்

காலை ஒன்பதரை மணி. ஏதோ ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மதுரைக்கு வந்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர், மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கீழ்த்தாடையில் ஒரு பல் ஆடுகிறது. பிடுங்க வேண்டும்.

"பாட்டி, மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறார் இறுதியாண்டு மாணவர்.

"பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு. அப்புறம் ராத்திரி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை தம்பி. அது எதுக்குன்னு தெரியல. போன வருஷம் நெஞ்சு வலி வந்தப்ப குடுத்தாங்க."

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையாக இருக்கலாம். பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகும். "அப்ப நாலு நாள் அதை நிறுத்திட்டு வாங்க பாட்டி" என்று அனுப்பிவிட்டால், பல்லைவிடப் பெரிய ஆபத்து இதயத்துக்கு வரலாம். சரியான கேள்வியைக் கேட்டு, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, தேவைப்பட்டால் இதய மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க அந்த மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பயிற்சி நம் பல் மருத்துவப் படிப்பில் எங்கே இருக்கிறது? அதைத்தான் இந்தக் கட்டுரை அலசுகிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

'பல்லு போனா சொல்லு போச்சு' என்பார்கள். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்றும் சொல்வார்கள். பல்லுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் நடைமுறையில் "வயசாச்சுன்னா பல்லு விழத்தானே செய்யும், இதுக்கெல்லாமா டாக்டர்?" என்பதே பெரும்பாலான வீடுகளில் கேட்கும் பதில். பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடும் தாத்தாவையும், முறுக்கை உரலில் இடித்துச் சாப்பிடும் அப்பத்தாவையும் பார்த்து வளர்ந்த நமக்கு அது இயல்பாகவே படுகிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால் அவ்வளவு சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. மக்கள்தொகைக் கணிப்புகளின்படி, 2021-ல் இந்திய மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.1 சதவீதம். தமிழ்நாட்டில் 13.6 சதவீதம். கேரளத்தின் 16.5 சதவீதத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் தமிழ்நாட்டில் இது 18.2 சதவீதம் ஆகும் என்கிறது அதே கணிப்பு. அதாவது, இன்று பி.டி.எஸ். சேரும் மாணவர் படித்து முடித்து வெளியே வரும்போது, தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட ஆறில் ஒருவர் முதியவராக இருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, 60 வயதைத் தாண்டியவர்களில் உலக அளவில் சுமார் 23 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை என்று மதிப்பிடுகிறது. மீதிப் பேருக்குப் பற்கள் இருக்கின்றன. உண்மையில், வேலை அங்கேதான் அதிகம். பல்லே இல்லாதவருக்குப் பல்செட் கட்டினால் ஓரளவு வேலை முடிந்தது. பாதிப் பல் இருப்பவருக்குச் சொத்தை, ஈறு நோய், உடைந்த பல், பழைய அடைப்பு என்று பிரச்சினைகள் தொடரும். முன்பெல்லாம் வலித்ததும் பிடுங்கிவிடுவார்கள். இப்போது பற்களைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு முதுமைக்குள் நுழைபவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

வயதான வாய்க்கு அப்படி என்ன தனி?

"பல்லு பல்லுதானே? இருபது வயசுல இருந்தா என்ன, எழுபதுல இருந்தா என்ன?" என்று கேட்கலாம். பல் ஒன்றுதான். அது இருக்கும் வாயும் உடம்பும் வேறு.

முதலில் எச்சில். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர்க் கோளாறு எனப் பல தொந்தரவுகளுக்குத் தரும் மாத்திரைகள் வாயை உலரவைக்கும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். ஈறு கீழிறங்கி வெளியே தெரியும் பல்லின் வேர்ப்பகுதியில் எனாமல் கிடையாது. சொத்தை அங்கே சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். எச்சில் இல்லாத வாயில் பல்செட்டும் ஒட்டி நிற்காது. "செட்டு சரியில்ல தம்பி, லூசா இருக்கு" என்று ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால், பல்செட்டை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பதில் பலன் இருக்காது. மாத்திரைப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஈறு. ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் இருவழி உறவு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறில் தொற்று இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

மூன்றாவது, எலும்பு. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடும் பெண்கள் நிறைய. இந்த வகை மருந்துகளால் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு என்று 2003 முதல் மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டு வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அளவில் இது அரிது. புற்றுநோய்க்காக ஊசியாகப் பெறுபவர்களுக்கு அபாயம் கூடுதல். கேட்காமல் பிடுங்கினால் தெரியாமலே போய்விடும்.

நான்காவது, மற்றவர் கவனிக்காத சின்ன விஷயங்கள். படுத்த நிலையில் அரை மணி நேரம் சிகிச்சை பெற்ற முதியவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழலாம். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வரிசையில் பதினொரு மணி வரை காத்திருந்தால் 'லோ சுகர்' ஆகி மயங்கலாம். மறதி நோய் உள்ளவருக்குப் பல் வலிப்பதைச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளுவார், கன்னத்தைத் தடவுவார், கோபப்படுவார். வீட்டில் "பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு" என்பார்கள்.

ஐந்தாவது, வெற்றிலை. சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வெற்றிலை போடும் பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. வெற்றிலைக்கும் இந்த அபாயத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கூடவே போகும் பாக்கும் புகையிலையும்தான் சிக்கல். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பல்செட் உரசி வந்த புண்ணா, வேறு ஏதாவதா என்று நாக்கின் அடியிலும் கன்னத்தின் உள்ளேயும் தேடிப் பார்க்கும் பழக்கம் மாணவரின் கைக்கு வர வேண்டும்.

கல்லூரியில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

பி.டி.எஸ். என்பது நான்கு ஆண்டு படிப்பு, ஒரு ஆண்டு பயிற்சி. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2007 விதிமுறைகள்தான் இதற்கு அடிப்படை. அந்தப் படிப்பில் குழந்தைகள் பல் மருத்துவம் தனிப் பாடம். தனித் துறை, தனித் தேர்வு, தனிப் பேராசிரியர்கள் உண்டு. குழந்தையை எப்படி அணுகுவது, பயத்தை எப்படிப் போக்குவது, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பது வரை கற்றுத் தருகிறார்கள்.

முதியோருக்கு அப்படி ஒரு துறை இல்லை. எம்.டி.எஸ். மேற்படிப்பில் ஒன்பது பிரிவுகள் உள்ளன. குழந்தைகளுக்கு ஒன்று உண்டு, முதியவர்களுக்கு ஒன்றும் கிடையாது. முதியோர் பற்றிய பாடங்கள் செயற்கைப் பல் துறையிலும், வாய் மருத்துவத் துறையிலும், பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்திலும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன.

பயிற்சி ஆண்டின் 12 மாதக் கணக்கைப் பார்த்தாலும் இதே கதைதான். குழந்தைகள் பிரிவில் ஒரு மாதம், செயற்கைப் பல் பிரிவில் ஒன்றரை மாதம், சமூகப் பல் மருத்துவம் அல்லது கிராமப்புறப் பணிக்கு மூன்று மாதம் என்று போகும் பட்டியலில் முதியோர் என்ற பெயரில் ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை. அந்த மூன்று மாதத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பொது மருத்துவம் இந்த விஷயத்தில் முன்னேறிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டில். மருத்துவர் வி.எஸ்.நடராஜன் முன்னெடுப்பில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென எம்.டி. படிப்பே வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இதயம், மூட்டு, நினைவாற்றல் எல்லாவற்றையும் வயதோடு சேர்த்துப் பார்க்க மருத்துவம் கற்றுக்கொண்டது. வாய் மட்டும் பின்தங்கிவிட்டது.

'கேஸ்' ஆகிப்போன பெரியவர்

அப்படியானால் மாணவர்கள் முதியவர்களையே பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். சொல்லப்போனால் தேடிப் பிடிக்கிறார்கள்.

பல் மருத்துவப் படிப்பில் செய்முறைக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை முழுப் பல்செட் செய்ய வேண்டும். மாணவர்கள் இதை 'கோட்டா' என்பார்கள். முழுப் பல்செட்டுக்குப் பல்லே இல்லாத ஆள் வேண்டும். அதனால் தெரிந்தவர், உறவினர், பக்கத்து வீட்டுத் தாத்தா என்று அழைத்து வருவதும் உண்டு. தேர்வு நெருங்கும்போது "கேஸ் கிடைச்சுதாடா?" என்பது விடுதியில் சகஜமான கேள்வி.

இதில் தவறு ஒன்றும் இல்லை. கைத்தொழில் கற்கக் கை வேலை செய்துதான் ஆக வேண்டும். பெரியவருக்கும் குறைந்த செலவில் பல்செட் கிடைக்கிறது. ஆனால் மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். அளவு எடுத்தது சரியா, கடி சரியா, பல் அடுக்கியது சரியா என்பதற்கு. மூன்று மாதம் கழித்து அந்தப் பெரியவர் அந்தப் பல்செட்டில் சாப்பிடுகிறாரா, இல்லை டம்ளரில் போட்டுப் பரணில் வைத்துவிட்டாரா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. கேட்கவும் ஆள் இல்லை. மாணவர் அடுத்த துறைக்குப் போயிருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரிக்கு வருவது நடக்க முடிந்த, பஸ் ஏற முடிந்த, படி ஏற முடிந்த முதியவர். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரையோ, நடுக்கவாதத்தால் பிரஷ் பிடிக்க முடியாதவரையோ ஐந்து ஆண்டில் ஒருமுறைகூடப் பார்க்காமலே ஒரு மாணவர் பல் மருத்துவர் ஆகிவிட முடியும்.

கண்ணுக்கு மதுரை கண்டுபிடித்த வழி

வர முடியாத முதியவரை எப்படி அடைவது என்ற கேள்விக்கு மதுரை ஏற்கெனவே ஒரு விடை சொல்லியிருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஜி.வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைதான் அது. கண்புரை வந்த பெரியவர் நகரத்துக்கு வரும்வரை காத்திருக்காமல் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். அறுவைசிகிச்சை தேவைப்பட்டவர்களைப் பஸ்ஸில் அழைத்து வந்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, பார்வையோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த முகாம்களும் வார்டுகளும்தான் இளம் கண் மருத்துவர்களுக்குப் பயிற்சிக் களமாகவும் ஆயின.

பல்லுக்கும் இதையே செய்துவிடலாமே? பல் முகாம்கள் இப்போதும் நடக்கின்றன. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது.

கண்புரை ஒரு அறுவைசிகிச்சையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். முழுப் பல்செட்டுக்குக் குறைந்தது ஐந்து நடை தேவை. முதல் அளவு, இறுதி அளவு, மேல் கீழ் தாடைகளின் கடி அளவு, மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் பல்செட்டை மாட்டுவது. அதன்பின் உரசும் இடத்தைச் சரிசெய்ய இன்னும் இரண்டு, மூன்று நடை. ஒரு நாள் முகாமில் பற்பசை கொடுத்து, வாயைப் பார்த்து, "கல்லூரிக்கு வாங்க" என்று சீட்டு எழுதித்தர முடியும். அந்தச் சீட்டோடு எத்தனை பேர் ஐந்து முறை வருவார்கள்?

மேலூரிலோ வாடிப்பட்டியிலோ இருந்து வரும் பாட்டிக்குச் சாதாரண நகரப் பேருந்தில் விடியல் பயணம் இலவசம். தாத்தாவுக்குக் கிடையாது. கூட வரும் மகனுக்கு ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "பல்லு இல்லாட்டி என்ன, கஞ்சி குடிச்சுக்கிறேன்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ மாணவர் எடுத்துக்கொண்டால், அவருக்கு நோயாளியைப் புரியவில்லை என்று அர்த்தம்.

ஆக, பல்லுக்கு முகாம் மட்டும் போதாது. திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒரே மாணவர், ஒரே பெரியவரை, பல மாதங்கள் பார்க்க வேண்டும்.

படுக்கையில் இருப்பவருக்குப் பல் எதற்கு?

"படுத்த படுக்கையா இருக்கிறவருக்குப் பல் டாக்டர் எதுக்கு?" என்று தோன்றலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உதவியாளர்கள் தினமும் வாயைச் சுத்தம் செய்தார்கள், பல் மருத்துவக் குழுவும் அவ்வப்போது கவனித்தது. இன்னொரு பிரிவுக்கு இந்த ஏற்பாடு இல்லை. இரண்டு ஆண்டில் வாய்ப் பராமரிப்பு இல்லாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. பராமரிப்பு கிடைத்தவர்களில் 11 சதவீதம்.

காரணம் எளிது. விழுங்கும் திறன் குறைந்த முதியவரின் எச்சிலும் உணவுத் துணுக்கும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வாய் அசுத்தமாக இருந்தால் கிருமிகளும் சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். ஆகவே, படுக்கையில் இருப்பவரின் வாயைத் துடைப்பது உயிர் காக்கும் வேலை.

தமிழ்நாட்டில் வீட்டுக்கே போகும் அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, நோய்த்தணிப்பு சிகிச்சை எல்லாம் வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தப் பெரியவர் படுத்திருக்கிறார் என்ற விவரம் அந்தக் களப்பணியாளர்களிடம் உண்டு. பல் மருத்துவ மாணவர் அவர்களோடு சேர்ந்து நடந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

கர்நாடக அரசின் 'தந்த பாக்யா' திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் வழியாகவே இலவசப் பல்செட் தருகிறது. கேரள சமூக நீதித் துறையின் 'மந்தஹாசம்' திட்டமும் 60 வயதைக் கடந்த ஏழைகளுக்குப் பல்செட் தருவதுதான். இரண்டும் நல்ல தொடக்கம். ஆனால் இரண்டுக்கும் மையம் பல்செட்தான், பயிற்சி அல்ல.

ஜப்பான் வேறு கோணத்தில் போனது. 80 வயதில் 20 சொந்தப் பல் என்ற இலக்கோடு 1989-ல் '8020' இயக்கத்தைத் தொடங்கியது. 2016 கணக்கெடுப்பில், 80 வயதுக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 20 பல் இருந்தது. அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் விதிகள், வாழ்வின் எல்லாக் கட்டங்களிலும் இருப்பவர்களுக்கும் சிகிச்சை தரும் திறமை பட்டதாரிக்கு இருக்க வேண்டும் என்கின்றன.

எதிர்க்கேள்விகள்

"ஏற்கெனவே பாடச்சுமை தாங்க முடியல. இன்னொரு பாடமா?" என்பது மாணவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமானதுதான். புதிய துறை தொடங்க ஆசிரியர் வேண்டும், இடம் வேண்டும், பணம் வேண்டும். மதுரையில் இயங்கும் சி.எஸ்.ஐ., பெஸ்ட் ஆகிய இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகள். செலவை யார் ஏற்பது என்ற கேள்வி உடனே வரும்.

இன்னொரு கேள்வி நெறி சார்ந்தது. ஏழைப் பெரியவர்களின் வாயில் மாணவர்கள் கை பழகுவது சரியா? இலவசம் என்பதால் அவர்கள் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் இன்னும் அதிகம். அதனால் மேற்பார்வையிடும் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பெரியவருக்குப் புரியும் தமிழில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். "ஆ காட்டுங்க" என்று உத்தரவு போடுவதற்கு முன்னால் "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு ஐயா?" என்று கேட்க வேண்டும். இந்தப் பயிற்சியின் முதல் பாடமே இதுதான்.

புதிய துறை இல்லாமலே என்ன செய்யலாம்?

இங்கேதான் அந்த மூன்று மாதம் வருகிறது. பயிற்சி ஆண்டில் சமூகப் பணிக்கு ஒதுக்கிய காலம் ஏற்கெனவே விதியில் இருக்கிறது. அதை ஒருநாள் முகாம்களாகவே கரைத்துவிடாமல், ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் நான்கைந்து பெரியவர்களைப் பொறுப்பாகக் கொடுக்கலாம். ஒருவர் முதியோர் இல்லத்தில், ஒருவர் படுக்கையில், ஒருவர் மறதி நோயோடு, ஒருவர் தனியாக வாழ்பவர். மூன்று மாதமும் அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அங்கே கற்க வேண்டியவை பெரிய இயந்திரம் கேட்பவை அல்ல. மாத்திரை அட்டையைப் படிப்பது. பராமரிப்பவரின் கையைப் பிடித்து வாய் துடைக்கச் சொல்லித்தருவது. விரல் மடங்காதவரின் பிரஷ்ஷில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டித் தடிமனாக்கிக் கொடுப்பது. இந்தப் பெரியவருக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பது. எல்லாப் பல்லையும் சரிசெய்வதைவிட, வலி இல்லாமல் சாப்பிடவைப்பதே சிலருக்குப் போதுமான இலக்கு என்பது பாடநூலைவிட அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால் சீக்கிரம் புரியும்.

மதிப்பெண்ணையும் மாற்ற வேண்டும். பல்செட் கொடுத்த அன்று பாதி மதிப்பெண், மூன்று மாதம் கழித்து அவர் அதில் சாப்பிடுகிறார் என்றால் மீதி. இந்த ஒரு மாற்றம் போதும், மாணவர் தானாகவே போன் பண்ணி "தாத்தா, செட்டு கடிக்குதா?" என்று விசாரிப்பார்.

காலமும் பொருத்தமாக இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக, தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பல் மருத்துவக் கல்விக்குத் தனி வாரியமும், படிப்பு முடியும்போது ஒரு தேசியத் தகுதித் தேர்வும் அந்தச் சட்டத்தில் உண்டு. தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதுதான் வகுப்பில் நடத்தப்படும் என்பது மாணவர்களாக இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேர்வில் எழுபது வயதுப் பாட்டியின் மாத்திரைப் பட்டியலோடு ஒரு கேள்வி வந்தால், நாட்டின் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளும் அதைச் சொல்லித்தர ஆரம்பித்துவிடும்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கலாம். அப்பா, அம்மா மதுரையில் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

• அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு படம் எடுத்து, உங்கள் போனிலும் அவர்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

• ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். சாதாரணமாகப் பல் பிடுங்கப் பெரும்பாலும் ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. எதுவானாலும் மருந்து கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

• பல்செட்டை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். போட்டபடியே தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

• வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வலி இல்லாவிட்டாலும்.

• சர்க்கரை நோய் உள்ளவரைப் பல் சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது காலைச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும்.

• "ஏம்மா சாப்பாடு குறைஞ்சிருச்சு?" என்று கேட்கும்போது, வாயையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஆரம்பத்தில் பார்த்த அந்தப் பாட்டிக்கு வருவோம். அவருக்குத் தன் சின்ன வெள்ளை மாத்திரை எதற்கு என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மஞ்சப்பையில் இருக்கும் அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லி, அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஒருவர் எதிரே நிற்க வேண்டும். அப்படி ஒருவரை உருவாக்கப் புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் மூன்று மாதத்தை யாருக்காகச் செலவழிப்பது என்று கல்லூரிகளும் புதிய ஆணையமும் முடிவு செய்தால் போதும்.